முன்தேதியிட்ட கட்டுரை

"என் கட்டுரையவே நான் திருடிட்டேன்னு சொல்றாங்க மேடம்."

இதைச் சொல்லும்போது பியூலா அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொண்டுவந்த காகிதங்களை மடியோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

வெங்கடேஸ்வரி மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். இணையக் குற்றப் பிரிவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் தென்காசி சாலையை ஒட்டிய வீட்டில் இருப்பவர். அவரிடம் ஏட்டாக இருந்த லிங்கேஸ்வரன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். வழக்கு என்று கேள்விப்பட்டால் போதும், கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வந்து நிற்பார். அன்றும் வந்திருந்தார்.

பியூலா உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் உதவிப் பேராசிரியை. செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில்கள் கூடு கட்டும் மரங்களை வனத்துறை அனுமதியோடு கவனித்து ஒரு கட்டுரை எழுதினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸுந்தரராஜன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் நடத்தும் தமிழ் அறிவியல் காலாண்டிதழுக்கு அனுப்பினாள். அவர் அவளுடைய பெயரை நீக்கிவிட்டு, துறை தெரிந்த ஒருவரின் மதிப்பீட்டுக்கு அனுப்பினார். அந்த மதிப்பீட்டாளர் யார் என்பது ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். வந்த குறிப்புகளின்படி பியூலா திருத்தினாள். கட்டுரை வெளியாகிப் பாராட்டும் பெற்றது.

பிறகு ஆசிரியருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இதே கட்டுரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாணிக்கம் என்பவர் பெயரில் ஓர் இணைய இதழில் வந்திருக்கிறது, பியூலா அதைக் களவாடிவிட்டாள் என்றது கடிதம். இணையத்தில் தேடினால் கட்டுரை இருந்தது, தேதியும் இருந்தது. ஆசிரியர் கடிதத்தைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்.

"திங்கக்கிழமை விசாரணை மேடம். வேலை போறதோட நிக்காது. திருடிங்கிற பேரோட இனிமே எந்தக் காலேஜ்ல சேர்ப்பாங்க?"

லிங்கேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "உங்க மேல பொறாமைப்படுறவங்க யாரும்மா இருக்காங்க?"

பியூலா தயங்கினாள். "துறைத்தலைவர் நவநீதகிருஷ்ணன் சார். கட்டுரை வந்தன்னைக்கு, 'எங்க கண்ணுல மட்டும் இம்புட்டு வருசமா அணில் படலியே'ன்னார்."

"கட்டுரைய அவர் முன்னாடியே பாத்தாரா?"

"திருத்தி முடிச்ச பொறவு கையெழுத்து வாங்கக் கொடுத்தேன். அதுக்கு முந்தி அவர் பாக்கல."

வெங்கடேஸ்வரி எல்லாக் காகிதங்களையும் பொறுமையாகப் படித்தார். பியூலாவின் முதல் பிரதி, அச்சான கட்டுரை, மாணிக்கம் பெயரில் வந்தது, மதிப்பீட்டாளரின் குறிப்பு. குறிப்பிலிருந்து ஒரு வரியை வாய்விட்டு வாசித்தார்: "'ஓடையின் தென்கரையில் மட்டும் கேமரா கட்டியது போதாது. வடகரையிலும் பார்க்க வேண்டும்.' நல்ல யோசனையா இருக்கே."

"ஆமா மேடம். வடகரையில கட்டின பொறவுதான் இன்னும் நாலு கூடு கிடைச்சது."

"மாணிக்கம் கட்டுரையில 'கருமருது'ன்னு ஒரு மரம் வருது. உங்க அச்சுக் கட்டுரையில அது 'நீர்மருது'."

பியூலா நெற்றியில் கைவைத்தாள். "அது நான் பண்ண தப்பு. அங்க இருக்கது நீர்மருதுதான். முதல் பிரதியில கைதவறி எழுதிட்டேன். அப்புறம் நானே பாத்து மாத்தினேன்."

"காட்டுக்கு உங்ககூட யார் வந்தாங்க?"

"வனக் காவலர் ஐயாதுரை அண்ணன். தொடக்கத்துல ஒருநாள் ஜெபா வந்தா. என்கூட வேலை பாக்கா. அவ இல்லாட்டி இந்த வாரமெல்லாம் நான் சாப்பிட்டிருக்கவே மாட்டேன்."

மறுநாள் காலை மூவரும் செண்பகத்தோப்புக்குப் போனார்கள். ஓடையை மறித்துச் சிறிய தடுப்பணை ஒன்று இருந்தது. அதை ஒட்டி நின்ற மருத மரத்தை ஐயாதுரை காட்டினார். உச்சியில் ஒரு கூடு தெரிந்தது.

"இந்த அணை எப்ப கட்டுனது?" என்று கேட்டார் வெங்கடேஸ்வரி.

"போன வருசம் ஆடியிலதாம்மா கட்டுனாவ. அதுக்கு முந்தி இங்க வெறும் பாறைதான்."

லிங்கேஸ்வரன் கையில் இருந்த மாணிக்கம் கட்டுரையைப் புரட்டினார். "'தடுப்பணையை ஒட்டிய மரத்தில்...' மேடம்! போன வருசம் கட்டுன அணைய ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த ஆளு எப்படிப் பாத்தான்?"

"பாக்கல. மாணிக்கம்னு ஒரு ஆளே இல்ல. பணம் கட்டினா கேட்ட தேதியப் போட்டுக் கொடுக்கிற இணைய இதழ்கள் இருக்கு."

"அப்ப அந்தத் துறைத்தலைவர்தான். வாங்க, ஒரு பிடி பிடிப்போம்!"

"செத்த பொறுங்க ஏட்டய்யா. பியூலா தப்பிச்சாச்சு. யாரு செஞ்சதுன்னு எல்லாரையும் வச்சுக்கிட்டே சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஸுந்தரராஜனின் வீட்டில் கூடினார்கள். நவநீதகிருஷ்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பியூலாவுக்குத் துணையாக ஜெபா வந்து, அவள் கையைப் பிடித்தபடி அருகில் இருந்தாள்.

வெங்கடேஸ்வரி தடுப்பணை விஷயத்தைச் சொன்னதும் ஸுந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியறது. ஆனா மதிப்பீட்டாளர் பேரை மட்டும் என்கிட்ட கேக்காதீங்கோ. அது நான் கொடுத்த வாக்கு."

"கேக்க மாட்டேன் சார். நீங்க வாயே திறக்க வேண்டாம்." வெங்கடேஸ்வரியின் குரல் உயரவில்லை. "போலிக் கட்டுரையில 'கருமருது'ங்கிற தப்பு இருக்கு. வடகரைக் கூடுகள் இல்ல. அதனால அது முதல் பிரதியப் பாத்துச் செஞ்சது. துறைத்தலைவர் பாத்தது திருத்தின பிரதி. அவர் இல்ல."

நவநீதகிருஷ்ணன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "பொறாமை எனக்கும் உண்டும்மா. இல்லைன்னு சொல்லல. ஆனா இத நான் செய்யல."

"முதல் பிரதி இதழாசிரியர்கிட்டயும் மதிப்பீட்டாளர்கிட்டயும் மட்டும்தான் போச்சு. திருத்தின பிரதி மேசையில இருக்கையில ஆசிரியர் பழசத் தேடி எடுக்க மாட்டார். மிச்சம் மதிப்பீட்டாளர். அவர் 'தென்கரையில் மட்டும் கேமரா கட்டியது போதாது'ன்னு எழுதியிருக்கார். நான் முதல் பிரதிய வரி வரியாப் படிச்சேன். 'ஓடைக்கரை'ன்னுதான் இருக்கு. தென்கரைங்கிற வார்த்தை இல்ல, வரைபடமும் இல்ல. அப்ப அவர் அந்த இடத்த நேர்ல பாத்தவர். பியூலாகூட அங்க போனவங்க ரெண்டு பேர். ஐயாதுரை ஆய்வுக் கட்டுரை மதிப்பிடுறவர் இல்ல."

ஸுந்தரராஜன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூலா பக்கத்தில் திரும்பினாள். அவள் கையிலிருந்து ஜெபாவின் கை நழுவிப் போயிருந்தது.

"ஏட்டி... நீயா?"

"முதல் பக்கத்துலயே உன்னோடதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றாள் ஜெபா. "அன்னைக்கே, 'இது என் தோழி எழுதினது, நான் பாக்கக் கூடாது'ன்னு திருப்பி அனுப்பியிருக்கணும். பாத்துரணும்ங்கிற ஆசையில வச்சுக்கிட்டேன். வேண்டாம்னு தள்ளிரலாம்னுதான் உக்காந்தேன். தள்ளுறதுக்கு ஒரு காரணமும் அகப்படல. அதுதான் எனக்குத் தாங்கல. நான் எழுதினது அம்புட்டும் திரும்பித் திரும்பி வருது. உன்னோடது முதல் தடவையே நிக்குது."

ஜெபா பியூலாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வடகரையப் பாக்கச் சொன்னது நான். அத எழுதுறப்ப நேர்மையாத்தான் எழுதினேன். பொறவு நீ காலேஜ் பூரா லட்டு கொடுத்த. எனக்கு ரெண்டு கொடுத்த. கட்டுரைக் கடைசியில 'பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி'ன்னு போட்டிருந்த. எனக்குக் கிடைச்சது அந்த ஒரு வரி. அதப் படிச்ச அன்னைக்குத்தான் மாணிக்கத்த உண்டாக்கினேன்."

"நீங்க திருநெல்வேலிக் கல்லூரின்னுதான் என் குறிப்புல இருந்தது" என்றார் ஸுந்தரராஜன் மெல்ல. "இதே கல்லூரிக்கு மாறினது எனக்குத் தெரியாது."

"எங்க வேலை பாக்குறாங்கன்னு சரிபாத்திருக்கலாம் சார்" என்றார் வெங்கடேஸ்வரி. "மொட்டைக் கடிதம் வந்ததும் இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை விளக்கம் கேட்டிருக்கலாம். கேக்காமலே கல்லூரிக்கு அனுப்பிட்டீங்க. அது ஜெபா செஞ்ச தப்பு இல்ல. உங்களது."

பெரியவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இப்பவே கல்லூரிக்கு எழுதறேன். அடுத்த இதழ்ல நடந்ததை என் தப்போட சேர்த்துப் போடறேன்."

"நானும் எழுதித் தாரேன்" என்றாள் ஜெபா.

ஸுந்தரராஜன் பியூலாவிடம் கேட்டார்: "நம்ம இதழோட இணையப் பிரதியில அந்த நன்றி வரியை எடுத்துடட்டுமாம்மா?"

பியூலா வெகுநேரம் ஜெபாவைப் பார்த்தாள். அவள் கண்களில் இப்போதுதான் நீர் நின்றது.

"இருக்கட்டும் சார். வடகரையில கூடு இருந்தது நெசந்தான."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஜெபா சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தாள். ராஜபாளையம் பஸ் வந்தது. பியூலா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஜெபா அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டாள்.