டென்சில் வீட்டுக் கடலில் விஷம்

முதல் சாவை டென்சில்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை. பெங்களூர் ரயிலைப் பிடிக்க டிபன் பாக்ஸும் கையுமாகக் கிளம்பியவர், போகிற போக்கில் புது மீன்தொட்டியை ஒரு பார்வை பார்க்கக் குனிந்தார். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய இறால், மணலில் மல்லாந்து கிடந்தது. சற்றுத் தள்ளி அதன் ஜோடி. கண்ணாடியைப் பற்றி ஊர்ந்துகொண்டிருக்க வேண்டிய நத்தைகள் அத்தனையும் கீழே உதிர்ந்திருந்தன. நடுப்பாறையில் நேற்று வரை பூவாய் விரிந்திருந்த கடல் உயிரான அனிமோன், பிழிந்து போட்ட துணியைப் போலத் தொங்கியது.

"ரெபேக்கா!" என்று கத்தினார். ரயில் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

தங்கச் சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில், சமுத்திரத்தை வீட்டுக்குள் வைத்திருந்தவர் டென்சில் ஒருவர்தான். மூன்று வருடங்களுக்கு முன் மனைவி தவறிய பிறகு, பேச்சற்றுப் போன மகளைப் பேசவைக்க ஒரு சின்னத் தொட்டி வாங்கினார். உப்புக் கரைத்தார்கள், பாறை அடுக்கினார்கள், பவளம் வளர்த்தார்கள். இரண்டு கோமாளி மீன்களுக்கு வீடாக அந்த அனிமோன் வந்த அன்றுதான் ரெபேக்கா மறுபடி வாய்விட்டுச் சிரித்தாள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பி.யு.சி. படிக்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன் டென்சில் லவினாவை மணந்துகொண்டார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருபவள். அதிகம் பேசமாட்டாள். அவளிடம் ரெபேக்கா அதைவிடக் குறைவாகப் பேசினாள்.

உயிர்கள் பெருகிச் சின்னத் தொட்டி நெரிசலாகிவிட்டதால், சனிக்கிழமை எல்லாவற்றையும் புதுப் பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்தார்கள். வடிகட்டிய தண்ணீரில் உப்புக் கரைத்து, நீல பிளாஸ்டிக் டிரம்மில் தயாராக வைத்து, பாறை பாறையாக, மீன் மீனாக மாற்றினார்கள். ஆபத்துக்கு உதவுமென்று பழைய தொட்டியில் கொஞ்சம் பாறையும் தண்ணீரும் விட்டு, மோட்டாரை ஓடவிட்டிருந்தார் டென்சில்.

"நான் சொல்ற வரைக்கும் புதுத் தொட்டியில யாரும் கை வைக்கக்கூடாது" என்பது அவருடைய உத்தரவு.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தென்றலின் வீடு அதே லைனில் மூன்றாவது. இரவு டூட்டி முடித்து வந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கதவு படபடத்தது. திறந்தால் ரெபேக்கா. மூக்கு சிவந்து, பழுப்பு ஸ்வெட்டரின் கைநுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் கன்னத்தில் கரிக்கோடு ஒன்று விழுந்தது.

"அக்கா, எங்க வீட்ல கொலை நடந்திருக்கு."

"இன்னா சொல்ற?"

"தொட்டியில எல்லாம் செத்துகினு கீது. அவங்கதான் பண்ணாங்க."

"யாரு?"

"அப்பா கட்டிகினு வந்தவங்க. நேத்து சாயங்காலம் அவங்க கையில கரப்பான்பூச்சி ஸ்ப்ரே இருந்துச்சு. நான் பாத்தேன். அதுமட்டும் இல்லக்கா. காலையில அப்பா அழுதுகினு நிக்கறாரு, நான் அழுதுகினு நிக்கறேன். அவங்க மட்டும் ஒரு வார்த்தை பேசாம அனிமோனை பாறையோட தூக்கி பழைய தொட்டியில வெச்சாங்க. புதுத் தண்ணியிலதான் விஷம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? போட்டவங்களுக்குத்தானே தெரியும்?"

நல்ல கேள்விதான் என்று தென்றலுக்குப் பட்டது.

"நீ போ. காபி குடிச்சிட்டு வரேன்."

டென்சில் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, சாவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். ரெபேக்கா சுவரோரம் நின்றாள். லவினா பின்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"காபி போடட்டுமா மேடம்?"

"குடிச்சிட்டேன் அக்கா. மேடம்லாம் வேணாம், தென்றல்னே கூப்பிடுங்க." தென்றல் தொட்டியின் முன் குனிந்தாள். இரண்டு கோமாளி மீன்களும், நீல மீன் ஒன்றும் வீடிழந்தவர்களைப்போல் மேலும் கீழும் அலைந்தனவே தவிர, நோயின் சாயலே இல்லை.

"மீன் ஒண்ணுகூட சாவல?"

"இல்ல தென்றல். அதான் எனக்கும் புரியல" என்றார் டென்சில். "இறால், நத்தை, பவளம். அதுங்களுக்கு மட்டும்தான் அடி."

"கரப்பான் ஸ்ப்ரே விழுந்திருந்தா?"

"மீனும் சேந்து மெதந்திருக்கும்."

ரெபேக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தென்றல் அவளைப் பார்க்காமலேயே அடுத்த கேள்விக்குப் போனாள்.

"நேத்து விடிகாலையில கரண்ட் போச்சே, அண்ணா. ஸ்டேஷன்லயே நாங்க இருட்டுலதான் உக்காந்திருந்தோம். நீங்க எங்க இருந்தீங்க?"

"சர்ச்சுக்கு போயிட்டோம், நானும் லவினாவும். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, அப்புறம் ஆராதனை. கரண்ட் போனதும் லவினாதான் மெழுகுவத்தி எல்லாம் ஏத்தினா. ரெபேக்காவுக்கு ஜலதோஷம், வீட்ல படுத்திருந்தா."

"வந்தப்ப தொட்டி எப்படி இருந்துச்சு?"

"ஜம்முனு இருந்துச்சு. அப்பத்தான் கரண்ட் வந்துச்சு. காத்து பம்ப்பு பேட்டரியில ஓடிகினு இருந்துச்சு. ஹீட்டர் மட்டும் அவ்ளோ நேரமும் ஓடல. தெர்மாமீட்டர் பாத்தா, ஒரு டிகிரிகூட எறங்கல! பெரிய தொட்டி இல்லையா, சூடு தாங்கும்." அந்தச் சோகத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப்பார்த்தது.

தென்றல் அலமாரியைத் திறந்தாள். உப்பு டப்பா, மீன் தீனி, ஒரு மருந்துப் பாட்டில்.

"அது வெள்ளைப்புள்ளி நோய்க்கு" என்றார் டென்சில். "செம்பு மருந்து. மீனுக்கு மட்டும், தனியா வெச்சுப் போடணும். இறாலும் நத்தையும் இருக்கற தண்ணியில ஒரு சொட்டு விழக்கூடா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். எழுந்துவந்து பாட்டிலைப் பிடுங்கினார். மூடியின் சீல் உடையாமல் இருந்தது.

"செம்பு இருக்குதான்னு பாக்க வழி கீதா?"

இருந்தது. மருந்தோடு வாங்கிய சோதனைத் துளிகள். புதுத் தொட்டித் தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துச் சொட்டு விட்டார் டென்சில். தண்ணீர் மெல்ல நீலமாயிற்று. பழைய தொட்டித் தண்ணீர் அப்படியே இருந்தது. மிச்சமிருந்த டிரம் தண்ணீரும் அப்படியே இருந்தது.

"டிரம்ல இல்ல. பாட்டில் தொறக்கல. ஆனா தொட்டியில கீது" என்றாள் தென்றல். "இந்த டிரம்ல எவ்ளோ மிச்சம் வெச்சீங்க?"

டென்சில் எட்டிப்பார்த்தார். நெற்றி சுருங்கியது. "அரைக்கு மேல வெச்சேனே! கொறஞ்சிருக்கு."

லவினா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தென்றல் பின்கட்டுக்குப் போனாள். குளியலறையில் கீசர் மாட்டியிருந்தது. அதன் கீழே, இன்னும் யாரும் தூக்கிப்போட மனமில்லாத பழைய வெந்நீர் அடுப்பு. அடுப்பில் புதுச் சாம்பல். அதன்மேல் செப்பு அண்டா. வெளிப்புறம் வருடக்கணக்கான கரி ஏறிக் கறுத்திருந்தது. உள்ளே எட்டிப்பார்த்தாள். முகம் தெரியும்படி பளபளத்தது. சாக்கடை வாயில் புளிச்சக்கை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஸ்டேஷனில் பேசும் குரலை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"எல்லாரும் உக்காருங்க. ரெபேக்கா, நீயும்."

மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, டிசம்பர் மாசம். நம்ம ஊரு குளிரு. ஹீட்டர் ஓடாம அவ்ளோ நேரம் இருந்தா, எவ்ளோ பெரிய தொட்டியா இருந்தாலும் கொஞ்சமாவது எறங்கணும். எறங்கல. அதை நீங்க தொட்டியோட பெருமைன்னு நெனச்சீங்க. யாரோ அதுக்கு வெந்நீர் ஊத்தியிருக்காங்க. டிரம்ல இருந்து உப்புத்தண்ணி எடுத்து, அண்டாவுல சுட வெச்சு ஊத்தியிருக்காங்க. உப்புத்தண்ணிய செப்புல காய்ச்சினா இன்னா ஆவும்? களிம்பு எல்லாம் கரைஞ்சு தண்ணியில எறங்கிடும்."

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் லவினா.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"தெரியாம பண்ணிட்டேன். செம்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. ரெபேக்கா சொன்னது சரிதான்."

"எப்போ ஊத்தினீங்க அக்கா?"

"நேத்து... விடிகாலையில. கரண்ட் போனப்ப."

"கரண்ட் போனப்ப நீங்க சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திகினு இருந்தீங்க."

லவினா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பண்ணது வேற" என்றாள் தென்றல். "நேத்து சர்ச்சுல இருந்து வந்தப்புறம் அண்டாவுல மிச்சம் கெடந்த தண்ணியப் பாத்திருப்பீங்க."

"பச்சையா இருந்துச்சு" என்றாள் லவினா மெதுவாக. "நாக்குல வெச்சேன், உப்புக் கரிச்சுது. ஏதோ மீன் சாமான் கழுவின தண்ணின்னு நெனச்சுக் கொட்டிட்டேன். இன்னிக்குக் காலையில அந்த மருந்து பாட்டில்ல 'இறாலுக்குச் செம்பு ஆகாது'ன்னு எழுதியிருந்ததைப் படிச்சப்பதான்..."

"புரிஞ்சதும் மொதல்ல அனிமோனைக் காப்பாத்தினீங்க. அப்புறம் அண்டாவைத் தேய்ச்சீங்க. வெளிய இருக்கற கரியத் தொடல, உள்ள மட்டும். வீட்டைச் சுத்தம் பண்றவங்க அப்படித் தேய்க்கமாட்டாங்க. களிம்பை மறைக்கறவங்கதான் தேய்ப்பாங்க. உங்களுக்காக மறைக்கல. வேற ஒருத்தருக்காக."

தென்றல் எழுந்துபோய் ரெபேக்காவின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. ஸ்வெட்டரின் கைநுனியை எடுத்து அவளிடமே காட்டினாள். விறகுக் கரி.

"குளிருமேன்னு பயந்துட்ட. இல்லம்மா?"

ரெபேக்கா தலையாட்டினாள். "கொஞ்சம் கொஞ்சமா, வெரல் வெச்சு வெச்சுப் பாத்துதான்கா ஊத்தினேன். சூடு அதிகமாயிடக்கூடாதுன்னு. அப்பா கை வைக்காதன்னு சொல்லியிருந்தாரு, அதான் சொல்லல. மீன் எல்லாம் கீழ போய் ஒடுங்கிடுச்சுக்கா, நான் இன்னா பண்ணுவேன்..." கரி படிந்த கைநுனியை உற்றுப் பார்த்தாள். "நானா கொன்னேன்?"

டென்சில் மகளின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "கை வைக்காதன்னு சொன்னேன். எதுனாலன்னு சொல்லித் தரல. உங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லப் போறேன்? என் தப்பும்தான்டா."

ரெபேக்கா வெகுநேரம் அழுதாள். பிறகு நிமிர்ந்து லவினாவைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து, ரெபேக்கா அவளை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் உங்களைத்தானே சொன்னேன். போலீஸ் வரைக்கும் போய் சொன்னேன்."

லவினா புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள்.

"என்மேல உனக்கு ஏற்கெனவே கோவம். இதுவும் சேந்தா இன்னா ஆயிடப்போவுது, என்னிக்காவது ஆறிடும். உன்மேலயே உனக்குக் கோவம் வந்துட்டா, அதை யாரு ஆத்துறது?"

தென்றல் தொப்பியை எடுத்துக்கொண்டாள். "கேஸ் முடிஞ்சுது. செத்ததை எடுத்துப் போடுங்க, பொழைக்கறதைப் பாருங்க. நான் போய் தூங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று அந்த வீட்டில் யாரும் வேலைக்கோ காலேஜுக்கோ போகவில்லை. மீன்களையும் மிஞ்சிய பவளங்களையும் பழைய தொட்டிக்கே கொண்டுவந்தார்கள். புதுத் தொட்டியை முழுக்க இறைத்தார்கள். லவினா வாளி வாளியாகச் சுமந்தாள். ரெபேக்கா அடுத்த வாளியை எடுத்து நீட்டினாள். இறால்களையும் நத்தைகளையும் இலையில் சுற்றி, கொய்யா மரத்தடியில் புதைத்தார்கள். குழியை ரெபேக்கா தோண்டினாள். மண்ணை லவினா தள்ளினாள்.

அனிமோன் பிழைக்குமா என்று டென்சிலாலும் சொல்ல முடியவில்லை. நாள்கள் போயின. அது சுருங்கியே கிடந்தது. கோமாளி மீன்கள் மட்டும் அதை விட்டு அகலாமல் சுற்றிச்சுற்றி வந்தன.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஜவுளிக்கடையில் ஜனம் முட்டிமோதிக்கொண்டிருந்தது. கல்லாவிலிருந்த லவினாவின் போன் ஒலித்தது. திரையில் வந்த பெயரை அவள் இருமுறை படித்தாள். அந்த எண்ணிலிருந்து இதுவரை அவளுக்கு அழைப்பு வந்ததே இல்லை.

"ஹலோ? ரெபேக்கா? இன்னா ஆச்சு?"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம்.

"விரிஞ்சிடுச்சு."

"இன்னாது?"

"அனிமோன். முழுசா விரிஞ்சிடுச்சு! ரெண்டு மீனும் உள்ள போய் படுத்துகினு கீது. அப்பாவுக்கு இன்னும் சொல்லல. நீங்க மொதல்ல வந்து பாருங்க."

லவினா கல்லாச் சாவியை முதலாளியிடம் கொடுத்தாள். என்ன சொல்லி விடுப்புக் கேட்டாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. கடைத்தெருக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடி, முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறினாள்.

"மைசூர் மைன்ஸ். கொஞ்சம் சீக்கிரம் போங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவள் ஈரக் கண்களைப் பார்த்தார். "இன்னாம்மா, வீட்ல ஏதாவது ஆபத்தா?"

"இல்லண்ணா" என்றாள் லவினா. "பொண்ணு கூப்பிட்டா."