ஜன்னல் வழியே தேநீர்

தில்முரோத் மேஸ்திரி சிமென்ட் மூட்டையோடு நாலாவது மாடிக்கு ஏறி வந்து விட்ட பெருமூச்சில் படிக்கட்டு விளக்கே ஒருமுறை அணைந்து எரிந்தது.

"என்னக்கா, குளியலறைய வானத்துலயா கட்டி வச்சிருக்கீங்க?"

"வீடே அங்கதானப்பா இருக்கு. செருப்பக் கழட்டிட்டு வா," என்றாள் முகர்ரம்.

தாஷ்கண்டில் அந்தக் காலத்து அரசாங்கக் குடியிருப்புகள் எல்லாமே ஒரே அச்சு. இந்த வீட்டுக் குளியலறையோ அச்சு தேய்ந்த பிறகு வார்த்தது போலிருந்தது. எனாமல் உதிர்ந்த தொட்டி. வருடம் முழுக்க இருமும் குழாய். தொட்டால் கையோடு வரும் இளஞ்சிவப்புப் பூச்சு. ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த வாடை. அதற்கு அடியில், மெலிதாக, எலுமிச்சைத் தோல் வாசனை.

தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அது தெருவைப் பார்க்கவில்லை. அதே வீட்டின் சமையலறையைப் பார்த்தது. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், கட்டியவர்களுக்கே தெரிந்திருக்காது.

"முதல்ல அந்த ஜன்னல அடைச்சிரு. மத்ததெல்லாம் அப்புறம்."

"வெளிச்சம் வருதேக்கா. நல்ல கண்ணாடியாப் போட்டுத் தரவா?"

"அடைன்னா அடைப்பா."

அவள் குரல் உடைந்தது. மேஸ்திரி மூட்டையை இறக்கி வைத்தார்.

அந்த ஜன்னல் அவள் கணவர் சோபிரின் சாம்ராஜ்யம். டிராம் ஓட்டுநர். வேலை முடிந்து வந்ததும், தண்ணீரில் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தொட்டிக்குள் இறங்கினால், தெருவில் பருவம் மாறிய பிறகுதான் வெளியே வருவார். அவர் பாடத் தொடங்கினால் கீழ்வீட்டுப் பூனை வேறு வீடு தேடிப் போகும். தொட்டியில் இருக்கிற தண்ணீரைவிட அதிகமாகத் தேநீர் குடிப்பார். தேநீர் வேண்டுமென்றால் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு முறை தட்டுவார். முகர்ரம் முக்காலி மேல் ஏறி, ஜன்னலைத் திறந்து, பியாலா என்ற கைப்பிடியில்லாத கிண்ணத்தை நீட்டுவாள். உள்ளேயிருந்து ஈரக் கை ஒன்று அதை வாங்கிக்கொள்ளும்.

"முகம்கூடக் காட்ட மாட்டீங்களா?"

"முகத்தக் காட்டினா நீ தேநீர மறந்துருவியே, முகர்ரம்!"

தேநீர் விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள். கூஜாவில் இலை போட்டுக் கொதிநீர் ஊற்றியதும், பியாலாவில் கொஞ்சம் வார்த்து மறுபடி கூஜாவிலேயே திருப்ப வேண்டும். அப்படி மூன்று முறை. திருப்பாத தேநீரைத் தருவது அவளுக்கு மானக்கேடு.

போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் கண்ணாடியில் இரண்டு தட்டுக் கேட்டது. உடனே இன்னும் இரண்டு.

"பொறுங்க, இப்பத்தான் முதல் தரம் திருப்பறேன்."

மறுபடி தட்டினார். கொஞ்சம் மெதுவாக.

"வெளையாடாதீங்க. ரெண்டாவது."

பிறகு தட்டில்லை. விரல் நகம் கண்ணாடியில் இழுபடும் ஓசை மட்டும்.

அவள் மூன்றாவது முறையும் நிதானமாகத் திருப்பி, பியாலாவைத் துடைத்து, முக்காலி மேல் ஏறி ஜன்னலைத் திறந்தாள். சோபிரின் ஒரு கை தொட்டி விளிம்பைப் பற்றியிருந்தது. தலை தண்ணீருக்குள் இருந்தது.

அவர் தேநீர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, கெட்டில் விசிலடிக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி தட்டப்பட்டது. குழாய்ச் சத்தம் என்றாள் மகள் நிகோரா. "அம்மா, அந்த ஜன்னல அடைச்சு, தொட்டிய மாத்தி, டைல்ஸ் போடு. இல்லன்னா எங்ககூட வந்துரு." முகர்ரம் கிளம்பவில்லை. அந்தக் குளியலறையில் குளிக்கவும் இல்லை. ஆனால் கெட்டிலை அடுப்பில் வைக்காத நாளும் இல்லை. ஜன்னலைத் திறக்கத்தான் கை வரவில்லை.

மேஸ்திரி சட்டத்தைப் பெயர்த்தார். செங்கல் அடுக்கினார். மாலைக்குள் ஜன்னல் இருந்த இடம் ஈரச் சாம்பல் நிறத்தில் மூடியிருந்தது.

குளிர்கால இருட்டு சீக்கிரமே இறங்கிவிட்டது. முகர்ரம் கெட்டிலை வைத்தாள். விசில் அடித்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அதற்குப் பதிலாக, வீட்டை யாரோ சுரண்டி எடுத்துப் போய்விட்டதுபோல் இருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, துணியால் வாயைப் பொத்தி அழுதாள்.

அப்போது சுவருக்குள் தட்டுக் கேட்டது.

கண்ணாடியில் அல்ல. செங்கல்லுக்கு உள்ளிருந்து. அடைபட்ட, கனத்த தட்டு.

"போதும்ப்பா தில்முரோத், மிச்சத்த நாளைக்குத் தட்டிக்கலாம்."

"நான் தட்டலையேக்கா," என்றார் மேஸ்திரி, அவள் முதுகுக்குப் பின்னால், செருப்பைக் கையில் பிடித்தபடி.

இருவரும் சுவரையே பார்த்தார்கள்.

தட்டு சற்றுக் கீழே இறங்கியது. மெதுவாக.

இன்னும் கீழே.

பிறகு, நகம் இழுபடும் ஓசை.

ஈரப் பூச்சில் உள்ளிருந்து ஒரு கறை பரவியது. ஐந்து விரல்கள்.

"எடுப்பா! அத எடுத்துரு!" அவள் கத்தியதில் அந்தக் கட்டிடத்தின் எல்லா விளக்கும் எரிந்திருக்கும். "ரெண்டாந்தரமும் நான் அவருக்குத் திறக்காம விட மாட்டேன்!"

"அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் இல்லையா? பூச்சுக் கரண்டியக் குடு!"

மேஸ்திரி கொடுக்கவில்லை. தானே ஒரு செங்கல்லை நெம்பி இழுத்தார். கலவை காயவில்லை, கல் சேறுபோல் வழுக்கி வந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் கன்னங்கரேலென்ற இருட்டு. அதிலிருந்து எலுமிச்சை வாசனையோடு வெதுவெதுப்பான ஆவி வீசியது. குளியலறைத் தண்ணீரையோ காலையிலேயே நிறுத்தியாயிற்று.

முகர்ரம் கூஜாவில் இலை போட்டுக் கொதிநீர் விட்டு, உடனே பியாலாவில் ஊற்றினாள். திருப்பவில்லை. ஒரு முறைகூட. விளிம்பு ததும்ப ஊற்றினாள்.

"என்னக்கா இது?" மேஸ்திரி கிசுகிசுத்தார். "பிரியமானவங்களுக்குக் கொஞ்சமாத்தான ஊத்துவோம், திரும்பத் திரும்பக் கேக்கட்டும்னு. இப்படி முட்ட ஊத்துனா, எழுந்து போங்கன்னு அர்த்தமில்ல?"

"அதுக்குத்தான்ப்பா." கண்ணீர் பியாலாவுக்குள் விழுந்தது. "போகட்டும். ஒரு வருஷமா என் கதவுல நிக்கிறாரு. எனக்காக நின்னது போதும்."

முக்காலி மேல் ஏறினாள். இருட்டுக்குள் கையை நீட்டினாள்.

"என்னங்க... திருப்பாம கொண்டாந்திருக்கேன். குடிச்சிட்டுக் கெளம்புங்க."

விரல்களுக்கு இடையிலிருந்து பியாலா நழுவியது. விழுந்து உடையும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

அது வரவே இல்லை.

மேஸ்திரி செருப்பை மறுபடி கையில் எடுத்து, அதைப் போடாமலேயே படியிறங்கிப் போனார்.

முகர்ரம் படுக்கவில்லை. சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்து, அந்த ஓட்டையைப் பார்த்தபடி விடியும்வரை இருந்தாள். தட்டில்லை. பாட்டில்லை. குழாய்கூட இருமவில்லை. போய்விட்டார் என்று புரிந்ததும், ஒரு கல் பெயர்ந்த சுவரைப் பார்த்து, "நல்லபடியாப் போங்க," என்றாள். கண் சற்றே அயர்ந்தது.

விழித்தபோது, செங்கல் எடுத்த இடத்தில், அவள் பக்கமாக நகர்த்தி வைத்தபடி பியாலா இருந்தது.

அடுப்பு ஆறிக் கிடந்தது. கூஜா காலி. பியாலாவிலிருந்து ஆவி எழுந்தது.

எட்டிப் பார்த்தாள்.

உள்ளே, அடியில் மட்டும், மிகவும் பிரியமான ஒருவருக்கு ஊற்றுவதுபோல், கொஞ்சமே கொஞ்சம் தேநீர்.