சூடு ஆறாத டேங்க்

"மழைக்கு ஒதுங்கின இடத்துலயும் மழையா!"

அவள் போட்ட கூச்சலில் பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூரை ஒழுகவில்லை. ஒழுகியது, பக்கத்தில் நின்றவன் தோளில் சாய்த்து வைத்திருந்த ஒரு குழாய். ஆள் உயரத்துக்கும் மேலே நீண்ட குழாய்... அதன் உடம்பெல்லாம் வரிசை வரிசையாக ஓட்டை. வந்த வழியெல்லாம் மழையைக் குடித்துவிட்டு வந்திருந்த அந்தக் குழாய், இப்போது நிதானமாக ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அவள் இடது தோளில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க... மன்னிச்சுக்கங்க..." என்று அவன் பதறிப்போய்க் குழாயை நிமிர்த்தினான். மிச்சத் தண்ணீர் மொத்தமும் அவள் செருப்புக்குள் இறங்கியது.

"புல்லாங்குழல் வாசிக்கணும்னா வீட்டுல உட்கார்ந்து வாசிங்க. அதுவும் இவ்வளவு பெருசை ஊத யானைக்குத்தான் மூச்சு இருக்கும்!"

"இது ஊதறதுக்கு இல்லைங்க. டேங்க் அடியில மாட்டறது. இது வழியா தண்ணி வந்தா, வர்றதே தெரியாது. அவ்வளவு மெதுவா வரும்."

"எனக்கு நல்லாத் தெரிஞ்சுதே!"

அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் கண்கள் காணாமல் போகிற முகம்... இமையில் மழைத்துளி வேறு. சே, தோள் நனைந்து நிற்கிறேன், இவன் இமையை எண்ணிக்கொண்டிருக்கிறேனே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவனும் ஏறப் பார்த்தான். "குழாய்க்கு இடமில்லை" என்று நடத்துனர் கையை விரித்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில், அவன் நடக்கத் தொடங்கியிருந்தான். பஸ் போகிற அதே திசையில்!

'நடக்கட்டும்... நல்லா வேணும்' என்று மனசு சொன்னது. கண் மட்டும் பின்னாலேயே போனது.

அவளை லாண்டரியில் எல்லோரும் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது இஸ்திரி மேசையில் வேலை செய்யும் அக்கா. பொருத்தமான பெயர். அப்பாவின் லாண்டரியை இரண்டு வருடமாக அவள்தான் நடத்துகிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் அவர்களுடைய பெரிய வேலை. தினமும் சாயங்காலம் வேனில் போய் அழுக்குத் துணிகளை அவளே வாங்கி வருவாள்; வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரி விரிப்புகள். மறுநாள் காலையில் முதல் வேலையாக அவற்றைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து அனுப்ப வேண்டும். சூடு குறைந்தால் ஆஸ்பத்திரியில் ஏற்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைத்தது பழைய பாய்லர். அதன் புகையில் இஸ்திரி அக்கா இருமிய இருமலைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அவள் முடிவெடுத்தாள். கூரை மேல் வெயிலில் தண்ணீரைச் சுட வைக்கும் தகடுகள். கொல்லையில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு டேங்க். பகல் வெயிலைப் பிடித்து வைத்து மறுநாள் காலையில் செலவு செய்வதுதான் ஏற்பாடு. அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் மகள் பிடிவாதத்துக்கு முன்னால் அவர் என்ன செய்வார்?

டேங்க் வந்து மூன்று வாரம். காலையில் குழாயைத் திறந்தால் குழந்தையைக் குளிப்பாட்டலாம்... அவ்வளவுதான் சூடு. விரிப்புகள் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டன.

"இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா பாய்லரைத் திரும்ப ஏத்திடுவேன்" என்றார் அப்பா. "லாண்டரியையும் மாப்பிள்ளை பார்த்துக்கட்டும். நீ வீட்டுல இரும்மா, போதும்."

மாப்பிள்ளை என்றால் அவள் கூடப்பிறந்த அக்காவின் கணவர். எப்போது சாவி கைக்கு வரும் என்று காத்திருக்கிறவர்.

"திரும்பி வராதுப்பா" என்றாள் அவள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. வராது... அவ்வளவுதான்!

நனைந்த தோளோடு அவள் லாண்டரிக்குள் நுழைந்து, துண்டால் தலையைத் துவட்டி, ஒரு டீயும் குடித்து முடித்த பிறகு வாசலில் ஒரு சத்தம். முதலில் குழாய் நுழைந்தது. அதற்குப் பின்னால், சொட்டச் சொட்ட, அவன்.

"டேங்க் கம்பெனியிலிருந்து வர்றேன். இந்த டேங்கை வடிவமைச்சது நான்தான். ஏதோ சூடு வரலைன்னு..." என்று ஆரம்பித்தவன் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஓ... நீங்கதானா! அப்ப சூடு வராததுல ஆச்சரியமே இல்லை" என்றாள் அவள்.

இஸ்திரி அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இல்லாத சுருக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அவன் ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், டேங்கை ஒட்டிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி, டேங்கைச் சுற்றியிருந்த தடித்த உறையில் நீளமாக ஒரு பட்டையைத் திறந்தான். உள்ளே இரும்பு தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தபடி இறங்கி வந்தான். ஜுரக்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி... அவ்வளவு அக்கறை.

"எல்லா இடத்துலயும் வெதுவெதுப்பு. இப்படி இருக்கக் கூடாதுங்க."

"பின்னே எப்படி இருக்கணும்?"

"ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணி, பால் ஊத்தாத சூடான டீ, ஒரு ஸ்பூன். கிடைக்குமா?"

கிடைத்தது. தண்ணீர் கிளாஸின் மேல் ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் டீயைச் சொட்டுச் சொட்டாக விட்டான். டீ கீழே இறங்கவில்லை. தண்ணீரின் மேலேயே விரிப்பைப் போல் படர்ந்து நின்றது. மேலே சிவப்பு... கீழே தெளிவு... நடுவே மெல்லிய கோடு.

"சூடான தண்ணி லேசு, மேல நிக்கும். குளிர்ந்தது கனம், கீழ நிக்கும். ஒரே டேங்க்தான், சுவர் கிடையாது. ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது. மேல இருக்கறதை நீங்க எடுத்துக்கலாம், கடைசிச் சொட்டு வரைக்கும் கொதிக்கக் கொதிக்க வரும். ஒரே ஒரு கண்டிஷன்தான்... கலக்கக் கூடாது."

ஸ்பூனை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். கோடு போயிற்று. எல்லாம் ஒரே மங்கல் நிறம்.

"பார்த்தீங்களா? சூடு எங்கேயும் போகலை. உள்ளதான் இருக்கு. ஆனா யாருக்கும் உதவாது."

அவள் கிளாஸைப் பார்க்கவில்லை. அவன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதனின் கண் இப்படியா மின்னும்? யாரைப் பற்றியாவது பேசினால் இன்னும் எப்படி மின்னுமோ...

"தண்ணி வேகமா உள்ள வந்து கலக்குதோன்னு சந்தேகம். அதுக்குத்தான் இந்தக் குழாய். இதை மாட்டினா சரியாயிடும்" என்றான்.

சரியாகவில்லை. மாட்டிய மறுநாள் காலையிலும் அதே வெதுவெதுப்பு. அவன் விடவில்லை. எல்லா வால்வையும் கழற்றிப் பார்த்தான். பகல் முழுக்கச் சாரத்தின் மேலேயே குடியிருந்தான். அவள் வேலைக்கு நடுவே கொல்லைக்கு வந்து "என்ன டாக்டர், நாடி எப்படி?" என்பாள். "சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தாங்க இருக்கு... ராத்திரிதான் என்னமோ ஆகுது" என்பான் அவன். ஒரு தடவை அவள் டீ கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போது விரல் பட்டது. இருவருமே, கிளாஸ் ரொம்பச் சுடுவதைப் போல, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமும் அவள் வழக்கம்போல் வேனில் கிளம்பினாள். அவன் சாரத்தில் இருந்தபடி கையசைத்தான்.

மறுநாள் காலை... வெதுவெதுப்பு. நல்லவேளை, அன்று ஆஸ்பத்திரித் துணி இல்லை. ஆனால் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு இந்த டேங்க் விளையாட்டு. எனக்கு வாழ்க்கை! நாளைக்குத் துணி திரும்பி வந்தா இந்த இடத்துல நான் இருக்க மாட்டேன். உங்க கணக்கு தப்புன்னு ஒத்துக்கறதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

அவன் எதிர்த்து வாதாடுவான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் டேங்கைப் பார்த்தான். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாங்க. என் கணக்குதான் தப்பு. கம்பெனியிலயும் சொல்லிடறேன். நாளைக்கு வந்து டேங்கைக் கழட்டிடறோம்."

போய்விட்டான்.

பட்டாசு வெடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். கொட்டும் மழையில் குழாயோடு நடந்தே வந்தவன்... இரண்டு நாள் சாரத்தை விட்டு இறங்காதவன்... ஒரு வார்த்தையில் தோற்றுப்போவானா? 'இதுல என்னமோ இருக்கு' என்று மனசு அடித்துக்கொண்டது. நாளைக் காலைக்குள் கண்டுபிடித்தே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் டிரைவரை மட்டும் அனுப்பிவிட்டு, துணி மடிக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் கதவைப் பூட்டும் வேலை அப்பாவுடையது. அவர் பூட்டவில்லை. கொல்லைக்குப் போனார். பழைய பாய்லர் காலத்து பம்ப் ஒன்று, டேங்கைக் கழுவுவதற்கென்று அங்கேயே விடப்பட்டிருந்தது. அப்பா அதன் வால்வைத் திறந்து, சுவிட்சில் கை வைத்தார்.

"அப்பா!"

"என்னம்மா, நீ வேன்ல போகலையா?"

"என்னப்பா பண்றீங்க?"

"தினமும் பண்றதுதான். மேல கொதிக்குது, கீழ பச்சைத் தண்ணியா கிடக்கு. பாதி டேங்க் சும்மா கிடக்குதே, எல்லாம் சூடாகட்டும்னு கொஞ்சம் சுத்தி விடுவேன். பாய்லர்ல முப்பது வருஷம் இப்படித்தானே பண்ணினேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "யார்கிட்டயும் கேட்கலையாப்பா?"

"இதுல கேட்க என்னம்மா இருக்கு? நேத்துகூட அந்தக் குழாய்க்காரப் பையன் சாரத்து மேல நின்னு பார்த்துட்டுதானே இருந்தான். தப்புன்னா சொல்லியிருப்பானே!"

பார்த்தானா... பார்த்துவிட்டுத்தானா தலையைக் குனிந்தான்!

அவள் உள்ளே போனாள். ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர், டீ, ஸ்பூன் எடுத்து வந்தாள். அவசரத்தில் முதல் தடவை டீ கலந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை கோடு நின்றது. அப்பா குனிந்து பார்த்தார்... விரலை மேலே வைத்து "ஸ்ஸ்" என்று எடுத்தார். அவள் ஸ்பூனால் ஒரு சுற்றுச் சுற்றி, "இப்ப தொடுங்க" என்றாள்.

தொட்டார். வெதுவெதுப்பு. டேங்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப மூணு வாரமா உன் டேங்கைக் கெடுத்தது..."

"நல்லதுன்னு நினைச்சுத்தானேப்பா பண்ணீங்க."

அப்பா மூலையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தார். வால்வின் கைப்பிடியைத் தானே கழற்றி, மகள் கையில் வைத்தார். "மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா" என்றார்.

காலையில் லாண்டரி முழுக்க ஆவி. மெஷின்களைத் திறக்கத் திறக்க வெள்ளை மேகம் எழுந்தது. இஸ்திரி அக்கா இருமவில்லை, சிரித்தாள். விரிப்புகள் ஏறிய வேன் கிளம்பிப் போனது. வாசலிலேயே நின்றிருந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்வரை உள்ளே வரவில்லை. "எடுத்துக்கிட்டாங்க" என்றார் டிரைவர்.

அப்போதுதான் அவன் வந்தான், கிரேனோடு. முகம் தொங்கிப்போயிருந்தது. அவள் அவனை மணிக்கட்டில் பிடித்து, கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உறையின் பட்டையைத் திறந்து அவன் விரல்களை இரும்பில் ஒரு கணம் வைத்து எடுத்தாள்.

சூடு. கொஞ்சம் கீழே... அங்கேயும் சூடு. இன்னும் கீழே, அவள் இடுப்பு உயரத்தில், ஒரு சாண் தாண்டுவதற்குள் சட்டென்று ஜில்லென்று ஆயிற்று. அவன் கண்கள் விரிந்தன.

"இது... நிக்குதே!"

"நிக்கும். நீங்க போட்ட கணக்கு சரியாச்சே, நிக்காம எங்க போகும்? எங்கப்பா கலக்கினதைப் பார்த்தீங்கதானே? ஏன் சொல்லலை?"

அவன் உறையின் விளிம்பைத் தடவினான்.

"சொல்லியிருந்தா டேங்க் நிலைச்சிருக்குங்க. ஆனா உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவுல... அது என்னால வரவேணாம்னு நினைச்சேன். எனக்கு இது ஒரு டேங்க். உங்களுக்கு அவர் அப்பா."

பட்டாசு இப்போதுதான் வெடித்தது.

"யார் கேட்டா இந்தத் தியாகத்தை! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பார்த்துக்க மாட்டேனா? எங்கப்பாவைச் சமாளிக்க எனக்குத் தெரியாதா? என்னை அவ்வளவு லேசா நினைச்சுட்டீங்களா? இனிமே என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது, ஆமா!"

"எதையுமா?"

"எதையும்தான்!"

"அப்ப... இன்னும் ஒண்ணு மறைச்சு வெச்சிருக்கேன்."

"என்ன?"

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பஸ் நிறுத்தத்துல திட்டினீங்களே... அப்பவே."

அவள் முகம் ஆவி பட்டது போல் சிவந்தது. "இதையா மறைச்சீங்க? இது இஸ்திரி அக்காவுக்குக்கூடத் தெரியுமே..."

ஜன்னலுக்கு உள்ளே இஸ்திரிப் பெட்டி 'டக்' என்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"உங்க பதில்?" அவன் குரல் சன்னமாகிவிட்டது.

அவள் அவன் கையை மறுபடி டேங்கில், ஜில்லென்ற இடத்துக்குச் சற்று மேலே, கை பொறுக்கும் சூட்டில் வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். தூறல் ஆரம்பித்தது. இருவரும் நகரவில்லை.

"இது நாளைக்குக் காலை வரைக்கும் ஆறுமா?"

"யாரும் கலக்கலைன்னா... ஆறாது."

"அப்ப நாளைக்குக் காலையில வந்து எங்கப்பாகிட்ட பேசுங்க. எனக்கும் ஆறாது."

கிரேன் டிரைவர் வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு அப்பாவே எழுந்து வெளியே போய், "ஒண்ணும் கழட்ட வேண்டியதில்லைப்பா, நீ வண்டியைத் திருப்பு" என்றார்.