நீலச் சுவரில் ஒரு கை

வீட்டுச் சுவருக்கு நீலம் கேட்டது பொடிசுதான். அதனால் வாயைத் திறந்து குறை சொல்லவும் வழியில்லை.

அவளுடைய அப்பா பெயிண்டர். ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் வண்ணம் அடித்தவர், தன் வீட்டுச் சுவரை மட்டும் வெளிறிப்போக விட்டிருந்தார். ஒருநாள் கலர் அட்டையை அவள் முன் விரித்து, "எது வேணும், சொல்லு" என்றார்.

அடர்த்தியான, தொட்டால் சில்லிடும் போலிருந்த ஒரு நீலத்தின் மேல் பொடிசு விரலை வைத்தாள்.

"அட்டையில நகம் அளவுதான் இருக்கு, பாப்பா. நாலு சுவத்துலயும் அடிச்சா கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"பரவால்லப்பா. இதுதான் வேணும்."

பொடிசு பிடித்தால் பிடித்ததுதான். கிடைத்த ஒரே விடுமுறையில் முதுகு ஒடிய அடித்து முடித்தார் அப்பா. "எப்படி?" என்று கேட்டபோது அவர் புருவத்தில்கூட நீலம் இருந்தது.

"சூப்பர்ப்பா!" என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. விளக்கைப் போட்டாள். சுவர் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. பழைய சுவரில் அவளுடைய நிழலாவது துணைக்கு இருந்தது. இப்போது அதையும் காணோம்.

அப்பா இருட்டிய பிறகு வருவார். தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிடுவார். அம்மாவுக்கு பேக்கரியில் மாவு பிசையும் வேலை. பொடிசு வீட்டுக்கு வருவதற்குள் கிளம்பிவிடுவார். அவள் தூங்கிய பிறகு திரும்புவார். காலையில் போர்வைக்குள் அம்மாவின் முதுகுதான் தெரியும். "எழுப்பாதே" என்று அப்பா கையைக் காட்டுவார்.

பொடிசு புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும்.

"என்னடி, வாடகை பாக்கியா? படிக்கட்டுக்குக் குடி வந்துட்ட?" என்றார் மாடி வீட்டுத் தையல்கார அக்கா.

"இங்க காத்து வருது அக்கா."

"வரும், வரும். தூசியும் வரும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா மேலே ஏறிப்போனார்.

ஒரு காலை, செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கதவுக்குப் பக்கத்தில், நீலச் சுவரில், வெள்ளையாக ஒரு கை! ஐந்து விரலும் பளிச்சென்று இருந்தன. கட்டைவிரல் ஓரத்தில் தீக்காயத் தழும்பின் கோடுகூடத் தெரிந்தது.

அம்மா! அலுப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றியிருக்கிறார். கையில் இருந்த மாவு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பொடிசு தன் கையை அதன் மேல் படாமல் வைத்துப் பார்த்தாள். அம்மாவின் விரலில் பாதிதான் வந்தது.

அன்று மாலை அவள் படிக்கட்டில் உட்காரவில்லை. அந்தக் கைக்குக் கீழே, சுவரோரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

அப்பா வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். "அடக் கடவுளே! புதுச் சுவத்துல யார் கை வெச்சது? இந்தக் கலர்ல ஒரு பொட்டு பட்டாலும் காட்டிக்கொடுத்துடும்!" என்று ஈரத்துணியோடு வந்தார்.

பொடிசு ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளு பாப்பா. அழுக்கு."

"அழுக்கு இல்லப்பா. அம்மா."

அப்பாவின் கை பாதியில் நின்றது. அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாவு நிக்காதே. உதிர்ந்துடுமே" என்றார் மெதுவாக.

பொடிசு அதையும் யோசித்து வைத்திருந்தாள். பையிலிருந்து சாக்கட்டித் துண்டை எடுத்து உள்ளங்கை முழுக்கத் தேய்த்தாள். அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை அழுத்தி வைத்தாள்.

மறுநாள் காலை, அவளுடைய குட்டிக் கைக்கு அந்தப் பக்கமும் புதிதாக ஒரு மாவுக் கை இருந்தது.

அவள் பள்ளிக்குக் கிளம்ப, பூனைபோல நடந்து வாசல் கதவைத் திறந்தாள். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது, தூக்கக் கலக்கமாக.

"கை வளந்துடுச்சேடி உனக்கு."

அன்று வழி நெடுக பொடிசு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்கடுத்த நாள் எல்லாவற்றுக்கும் மேலே முறம்போல ஒரு கை, வெள்ளைப் பெயிண்டில். "என்னுது உதிராது. பெயிண்டர்னா சும்மாவா?" என்றார் அப்பா.

சாயங்காலம் தையல்கார அக்கா வாசலில் எட்டிப்பார்த்தார். "என்னடி, படிக்கட்டு காலியா கெடக்கு? தனியா உள்ள என்ன பண்ற?"

"தனியா இல்ல அக்கா" என்றாள் பொடிசு, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "உள்ள ஆள் இருக்காங்க."