வெளியேறும் சொல்

மத்தியானம் இரண்டரை மணிக்கு அவள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். பழைய கிடங்கு ஒன்றின் நாலாவது மாடி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தது. தரை முழுக்க ரப்பர். ஆள் இல்லாத நேரத்திலும் வியர்வை வாடை போகாத இடம்.

"லிஃப்ட் வேலை செய்யலையே, நாலு மாடியும் ஏறியா வந்தீங்க?" என்றார் கோச்.

"இறங்கும்போது வேலை செஞ்சா போதும் சார்."

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை.

அவள் தம்பி இங்கேதான் நான்கு வருஷம் ஆடினான். கண்ணையும் காதையும் மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மெய்நிகர் கோட்டை ஒன்றுக்குள் ஒருவரையொருவர் வேட்டையாடும் போட்டி. ஒல்லிக்குச்சியாக உயர்ந்து, ஆட்டம் தொடங்கும்வரை ஒற்றைக் காலில் நிற்பான் என்பதால் அணியில் அவனுக்குப் பெயர் கொக்கு.

ஆட்டத்தில் இரண்டு கையும் வேலையாக இருக்கும். அதனால் விலக நினைப்பவன் ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவன் குரலைக் கேட்டு இயந்திரம் ஆட்டத்தை மூடிவிடும். வாய் தவறி வந்துவிடாத சொல்லாக அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும். ஒருத்தன் 'பூசணிக்காய்' என்று வைத்திருந்தான். இவன் வைத்தது 'அக்கா'.

"ஏன்டா, வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்று அவள் கேட்டதற்கு, "சண்டைக்கு நடுவுல அக்காவை எவன் கூப்பிடுவான்? அதான் பத்திரம்" என்றான்.

அரையிறுதி அன்று நாற்பதாவது நிமிடத்தில் கூப்பிட்டான்.

"அக்கா."

அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் கேட்டது. திரை அணைந்தது. எதிரணி ஆட்கள் விசிலடித்தார்கள். "அக்காகிட்ட ஓடுறான் பாரு!" பார்வையாளர் வரிசையில் இருந்த அவளுக்கே சிரிப்பு வந்தது. இரண்டாம் முறையும் கூப்பிட்டான். "ஆட்டம் மூடினது அவனுக்கு இன்னும் தெரியல போல" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். மூன்றாம் முறை கூப்பிட்டபோதும் அவள் உட்கார்ந்தேதான் இருந்தாள்.

பிறகு அவன் முழங்கால் மடிந்தது.

இதயம். கொஞ்சம் முன்னாலேயே யாராவது ஓடியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அது நடந்து இரண்டு மாதம்.

"அவனோட நிழல் மட்டும் மெஷின்ல இருக்கும்மா," என்றார் கோச். ஒவ்வொருவர் ஆடும் விதத்தையும் பதிந்துவைத்து, மற்றவர்கள் அதனோடு மோதிப் பழகுவார்கள். அந்தப் பதிவுக்குப் பெயர் நிழல். "அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்க்கணும்னு தோணுச்சு."

எதிராளி இடத்தில் அவளை நிறுத்தி, அவனுடைய ஹெட்செட்டையே எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரு கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது அவளுக்கு மூச்சு விடுவது போல. லென்ஸ்கள் அறுபத்தாறு மில்லிமீட்டரில் நின்றன. அவளுக்கு அறுபது வேண்டும். திருத்த மனம் வரவில்லை.

அதனால் கோட்டை கொஞ்சம் இரட்டையாகத் தெரிந்தது. பனி. எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை. முற்றத்தின் கோடியில் ஒற்றைக் காலில் ஓர் உருவம். ஓடியது, பதுங்கியது, சுவரைத் தாண்டியது. எல்லாம் அவன்தான்.

திடீரென்று நின்றது.

அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா."

இருட்டு.

ஹெட்செட்டைப் பிடுங்கினாள். "கூப்பிட்டான் சார்."

"நிழலுக்குக் குரல் கிடையாதும்மா. கை கால் அசைவை மட்டும்தான் பதியும்..." அவர் திரையைப் பார்த்தார்.

திரையில் ஒரு வரி இருந்தது. ஆட்டம் முடிந்த காரணம்: வெளியேறும் சொல்.

மறுபடி போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கூப்பிட்டான். அவளை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி. மறுபடி. ஏழு தடவை. கூப்பிடுகிறவனே கதவையும் சாத்திவிடுகிறான், பாவம், அவனுக்கும் வேறு வழி இல்லை.

"அந்த வார்த்தையை மாத்த முடியாதா சார்?"

"மாத்தலாம். அவன் குரல்ல சொன்னாத்தான் மாறும்."

மணி நாலு ஐம்பது. ஒரே ஒரு தடவை பதில் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் எதை அழித்தாலும் அழிக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

எட்டாவது தடவை வெளிச்சம் வரும்வரை காத்திருக்கவில்லை. இருட்டிலேயே சொல்லத் தொடங்கினாள்.

"வந்துட்டேன்டா. வந்துட்டேன். கூப்பிடாதே. வாயைத் திறக்காதே."

வெளிச்சம் வந்தபோது அவன் முகத்துக்கு நேரே நின்றான்.

வாய் பாதி திறந்திருந்தது.

மெல்ல மூடிக்கொண்டான்.

அவன் மார்பு ஏறி இறங்கியது. அந்தக் கோட்டையில் எந்த உருவமும் மூச்சு விடுவதில்லை.

"விளையாட்டுன்னு நெனச்சுட்டேன்டா," என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அவன் குனிந்து அவள் தோளில் நெற்றியை வைத்தான். கனம் தெரிந்தது. ஈரம் தெரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், நூலளவுகூட இடைவெளி விடாத ஐஸ் போன்ற பிடி.

"அம்மா, போதும். கழட்டுங்க." கோச்சின் கிசுகிசுப்பு எங்கோ தொலைவில்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் சார்."

அவர் கேட்கவில்லை. பயந்துபோய் அவரே கழற்றிவிட்டார்.

கூடம். ரப்பர் வாடை. அவள் மணிக்கட்டு வெளுத்துக் கிடந்தது.

"நீங்க வெளிய வந்துட்டீங்கல்ல?" என்றார் கோச். திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அது யாரு?"

முற்றத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், விருந்தாளி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் முகமில்லாத சாம்பல் பொம்மை. அதுவும் உட்கார்ந்திருந்தது. இல்லாத மூக்குக்கண்ணாடியை விரல் முட்டியால் மேலே தள்ளியது.

அது அவளுடைய பழக்கம்.

ஹெட்செட்டைப் பறித்து மாட்டினாள். பனி இல்லை, கோட்டை இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும்: இடமில்லை. இருவரும் உள்ளே இருக்கிறார்கள்.

"நான்தானே சார் அவன் அக்கா? என்னை உள்ள விடச் சொல்லுங்க."

அவர் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடுங்கினார். திரை அணைந்தது. விசிறிகள் ஓய்ந்தன. இயந்திரத்தின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

அவள் கையிலிருந்த ஹெட்செட் மட்டும் சன்னமாக இரைந்தது. காதோரம் கொண்டுபோனாள்.

உள்ளே அவன் தேம்பிக்கொண்டிருந்தான்.

அவள் உதடுகளை இறுகக் கடித்துக்கொண்டிருந்தாள். கோச் அதைப் பார்த்தார், பிறகு அவளிடமும் மற்றவர்களிடமும் சத்தியம் பண்ணிச் சொன்னார்: அவள் வாயே திறக்கவில்லை.

"அழாதேடா," என்றது உள்ளிருந்து அவளுடைய குரல். "நான் எங்கேயும் போகல."