நாற்பது மீட்டர் தள்ளி

கோடு இன்றைக்கும் தண்ணீர் மேலேயே போயிருந்தது.

குழாய்க் கிடங்கின் காவலாளி கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விடிகாலைச் சுற்றில் அவர் வேலியை ஒட்டித்தான் நடந்தார். செருப்பில் அப்பிய சேறே சாட்சி. ஆனால் கம்பெனி அவர் கையில் கட்டிவிட்ட, ஓட்டக்காரர்கள் கட்டும் ஜி.பி.எஸ். கடிகாரம் கைப்பேசி வரைபடத்தில் வரைந்த கோடோ, வேலிக்கு அப்பால், பழைய கல்குழியில் தேங்கிய தண்ணீர் மேல், நாற்பது மீட்டர் தள்ளி நடந்திருந்தது. சிக்னல் கெட்டால் கோடு கோழி கிளறியதுபோல் இருக்குமாம். இது அவர் நின்ற இடத்தில் நின்று, திரும்பிய இடத்தில் திரும்பி, கூடவே வந்திருந்தது.

கோடு சரியாக விழாத சுற்று, கம்பெனிக் கணக்கில் போகாத சுற்று. அப்படி இரண்டு சுற்று வீணாய்ப் போய்விட்டது. மூன்றாவதும் போனால் வேலை இல்லை.

கடிகாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தார். நேற்று இரவெல்லாம் புதுப்பிக்க வைத்தும் பார்த்திருந்தார். அழித்து முதலிலிருந்து தொடங்கினார். ‘செயற்கைக்கோளைத் தேடுகிறது’ என்பதைத் தவிர அந்தச் சனியனுக்கு வேறு பேச்சில்லை. எரிச்சலில் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“என்னண்ணே, இன்னைக்கும் தண்ணியில நடந்தீங்களா? மீன் ஏதாவது மாட்டுச்சா?” என்றான் சூப்பர்வைசர்.

“சார், வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க. வேலிகிட்டதான் நிக்கிறேன்.”

“இரும்புக் குழாயை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில அசையாம வைங்க. தானா வந்து சேரும். நான் திரையில பாக்குறேன்.”

முப்பது வருஷம் மூட்டை தூக்கிய தோள். எவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டிருப்பது? கடிகாரத்தைக் கழற்றி வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டார். அவருக்கு வாரின் கடைசித் துளை. முன்பு இதைக் கட்டியிருந்த காவலாளிக்கு மூன்றாவது. அது மட்டும் இழுபட்டு வாய் பிளந்திருந்தது. அவன் ஒருநாள் சுற்றுக்குப் போனவன், அப்புறம் வேலைக்கே வரவில்லை என்றார்கள். கடிகாரம் மட்டும் கல்குழிக் கரையில் கிடந்ததாம்.

பத்தடி தள்ளி உட்கார்ந்தார். பனிமூட்டம் வேலிவரை வந்திருந்தது. அதனுள்ளிருந்து அழுகிய இலைகளின் வாடை.

“நகருதுண்ணே. முப்பது மீட்டர்.”

குழியில் தண்ணீர் அலம்பியது. யாரோ இடுப்பளவு நீரில் நடப்பதுபோல.

“இருபது. பாத்தீங்களா? பொறுமை வேணும்.”

கரைச் சரளை சரிந்தது.

“சார்... இங்க யாரோ...”

“ஆடாதீங்கண்ணே! பத்து.”

வேலிக் கம்பி அதிர்ந்தது. கோடியிலிருந்து கோடிவரை.

“அப்பாடா! சரியா உங்க மேலயே வந்திருச்சு. இப்ப நடங்க.”

அவர் நடக்கவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பத்தில் தொங்கிய வார் தானே வளைந்து மூடியது. முதல் துளை. இரண்டாவது. மூன்றாவது. அங்கே நின்றது. வளையத்துக்குள் ஒன்றுமில்லை. கையில் கட்டினால் மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்தது. கீழே சேற்றில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.

கடிகாரம் கம்பத்தை விட்டு இறங்கியது. மணிக்கட்டு உயரத்தில், முன்னும் பின்னும் வீசி, வேலியோரமாகப் பனிக்குள் போனது.

“ஜோரா நடக்குறீங்கண்ணே. கோடு நூல் பிடிச்ச மாதிரி விழுது.”

அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

கால் மணி நேரம், கோடு போகும் இடங்களைச் சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே வந்தான். கிழக்கு வேலி. குழாய் அடுக்கு. பின்வாசல்.

“சுத்து முடிஞ்சுதுண்ணே. வருகை போட்டாச்சு. வேலை தப்பிச்சுது, போங்க!”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

முதுகுக்குப் பின்னால் சொட்டு. இன்னொரு சொட்டு. அந்த வாடை.

தோளுக்கு மேலாகக் கடிகாரம் நீண்டு வந்து முகத்துக்கு எதிரே நின்றது. மூன்றாம் துளையில் இறுகியபடி. திரையில் நாடித்துடிப்பு: தொண்ணூறு. நூற்றுப்பத்து. நூற்று நாற்பது.

அவர் நெஞ்சு அடித்துக்கொண்ட அதே வேகத்தில்.