புயலுக்கும் பாறைக்கும் நடுவே தம்பி

டிவியில் கம்ப்யூட்டர் விளம்பரம் வந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

ஒருவர் பாறைமேல் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போடுகிறார். அது ஓடத் தொடங்குவதற்குள் அவர் தாடி நரைத்து முழங்காலைத் தொட்டுவிடுகிறது. "இன்னும் பாறையோடவா? புயலுக்கு மாறுங்க" என்கிறது ஒரு குரல்.

சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களாண்ணே, உங்க பாறையோட லட்சணத்த?"

"இருடா, அடுத்தது வரட்டும்."

அடுத்தது வந்தது. ஒரு வீட்டுக்குள் காற்று புகுந்து எல்லாம் பறக்கிறது. மேசைமேல் கம்ப்யூட்டர் மட்டும் அசையவில்லை. "புயல் போயிடும். பாறை நிக்கும்."

"இப்ப என்ன சொல்ற?" என்று மீசையைத் தடவினார் அப்பா.

வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள் சில்வண்டு. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். இடுப்பில் கைக்குழந்தைத் தம்பி, தூங்க மாட்டேன் என்று நெளிந்துகொண்டிருந்தான்.

அம்மா வீட்டிலிருந்தே புத்தகங்களை டைப் செய்து கொடுப்பவள். தம்பி தூங்கும் நேரம்தான் அவள் வேலை நேரம். பழைய கம்ப்யூட்டரின் தேய்ந்த விசைகள் சத்தமே போடாது. அது முந்தாநாள் மண்டையைப் போட்டுவிட்டது. நாளைக் காலைக்குள் கடைசி அத்தியாயம் போகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நீங்க சண்டைய முடிச்சா நான் வேலைய ஆரம்பிப்பேன்" என்றாள் அம்மா. அவள் விரல்கள் வெறும் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தன.

கடையிலும் அதே சண்டை. புயல் கம்பெனியின் நீலச் சட்டைக்காரர் ஒரு பக்கம் இழுத்தார், பாறையின் சாம்பல் சட்டைக்காரர் மறுபக்கம்.

"கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஓடும் சார்."

"இது மேல யானை ஏறினாலும் ஒண்ணும் ஆகாது சார்."

"எங்க வீட்ல யானை இல்ல அங்கிள்" என்றாள் சில்வண்டு. "தம்பிதான் இருக்கான்."

யாரும் காதில் வாங்கவில்லை. அவள் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டியபடி நடந்தாள். பில் போடும் இடத்தருகே ஒருவழியாக அவன் தூங்கிப்போனான். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மெல்லத் திரும்பி வந்தாள்.

"அங்கிள், இதுல டைப் பண்ணிக் காட்டுங்க. எங்கம்மா மாதிரி வேகமா."

நீலச் சட்டைக்காரர் உற்சாகமாகத் தட்டினார். தடதடவென்று மழை பெய்தது போலிருந்தது. தம்பியின் உதடு பிதுங்கியது. அடுத்த நொடி வீறிட்டான்.

"அப்ப பாறைதான்" என்றார் அப்பா.

"பொறுங்கப்பா. இவன் மறுபடி தூங்கணும்."

பில் போடும் இடத்தருகே நடந்தாள். தூங்கினான். சாம்பல் சட்டைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலால் தட்டினார். டொக், டொக். மறுபடியும் அழுகை. ஆண்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்றாம் முறையும் பில் போடும் இடம். மூன்றாம் முறையும் தூங்கினான். சில்வண்டு சட்டென்று நின்றாள். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா இத்தனை நேரமும் டைப் செய்வதை நிறுத்தவேயில்லை.

"அக்கா, இது என்ன கம்ப்யூட்டர்?"

"பேர் பின்னாடி எங்கயோ இருக்கும். இதுல இன்னும் ரெண்டு அந்த மூலையில கெடக்கு. விளம்பரம் இல்லாததால யாரும் கேக்குறதில்ல."

"டிவியில வராததையா வாங்கறது?" அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குரலில் கேட்டார்கள். இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

அம்மா நேராக பில் போடும் இடத்துக்குப் போனாள். அந்த அக்காவிடம் கேட்டு உட்கார்ந்து, நாலு வரி மளமளவென்று அடித்தாள். திரும்பிப் பார்த்தாள். தம்பி எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இதுலயே ஒண்ணு பில் போடுங்கம்மா" என்றாள்.

அன்று மாலை கடைசி அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. சில்வண்டு, அதிசயமாக வாயை மூடிக்கொண்டு, அம்மாவுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து காதைத் தீட்டினாள். தம்பி மூச்சுவிடும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.